ஆற்றிலிருந்து வயலைப் பார்த்த ரேச்சல் கார்சன்

ரேச்சல் கார்சன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் பறவைகள்தாம் நினைவுக்கு வரும். பூச்சிக்கொல்லியால் பறவைகள் மடிந்து, கூவல் கேட்காத ஒரு வசந்த காலம் வந்துவிடும் என்று எச்சரித்த அமெரிக்க எழுத்தாளர் என்றுதான் பாடப் புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால், அவர் படித்தது விலங்கியல். ஆய்வு செய்தது மீனைப் பற்றி. சுமார் 16 ஆண்டுகள் சம்பளம் வாங்கியது அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில். 1962-ல் வெளியான அவருடைய ‘மௌன வசந்தம்’ நூலில் பறவைகளைப் பற்றிய பகுதி படிப்பவரை வருந்த வைக்கும். தண்ணீரைப் பற்றிய பகுதியோ, விவசாயியைத் தன் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்க்க வைக்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கார்சனைப் பற்றியது.

1907 மே 27 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். வீட்டுக்குச் சுமார் 65 ஏக்கர் நிலம் இருந்தது. தந்தைக்கு விவசாயத்தில் பெரிய வருமானம் இல்லை. காப்பீட்டு முகவராகவும் அலைந்தார். முன்னாள் ஆசிரியையான தாய் மரியாதான் மகளைத் தோப்புக்கும் ஓடைக்கும் அழைத்துப்போய் செடி, பூச்சி, பறவை என்று பெயர் சொல்லிக் காட்டினார். பதினோரு வயதிலேயே சிறுவர் இதழில் ரேச்சலின் கதை அச்சானது. எழுத்தாளராக வேண்டும் என்றுதான் பிட்ஸ்பர்க்கில் இருந்த பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தார். அங்கே உயிரியல் கற்பித்த பேராசிரியர் மேரி ஸ்காட் ஸ்கிங்கரின் வகுப்பு அவரைத் திருப்பிப் போட்டது. இலக்கியத்தை விட்டுவிட்டு உயிரியலுக்கு மாறினார்.

1929-ல் பட்டம் பெற்ற கையோடு, வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குக் கோடைப் பயிற்சிக்குப் போனார். கடலை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலை முடித்தார். கெளுத்தி இன மீனின் கருவில் சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்பதே அவருடைய ஆய்வு. முனைவர் பட்டத்துக்குத் தொடரக் குடும்ப நிலை இடம் கொடுக்கவில்லை. 1935-ல் தந்தை இறந்தார். 1937-ல் அக்காவும் போய்ச் சேர, அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு ரேச்சல் மீதும் தாய் மீதும் விழுந்தது.

மீன்வளத் துறைக்காக வானொலி நிகழ்ச்சிகள் எழுதிக் கொடுத்து வந்த அவர், 1936-ல் தேர்வெழுதி அதே துறையில் இளநிலை நீர்வாழ் உயிரியலாளராகச் சேர்ந்தார். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1941-ல் வந்த முதல் கடல் நூல் போர்ச் செய்திகளுக்கு நடுவே கவனிக்கப்படாமல் போனது. 1951-ல் வந்த இரண்டாவது நூலான ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ அவரைப் புகழின் உச்சியில் வைத்தது. அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் 86 வாரங்கள் அது இருந்தது. கையில் பணம் வந்ததும் 1952-ல் வேலையை விட்டார்.

இடையில் 1945-ல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது டிடிடி என்றால் மந்திரப் பொடி. அதன் பூச்சிக் கொல்லும் தன்மையை 1939-ல் கண்டறிந்த பால் முல்லர் 1948-ல் நோபல் பரிசு பெற்றார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன் வழியாகப் பரவிய டைபஸ் காய்ச்சலை அடக்கியது டிடிடிதான். மலேரியாவிலும் அது எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. இதை மறைத்துக் கார்சனின் கதையைச் சொல்வது நேர்மை ஆகாது. அவர் பணியாற்றிய துறையைச் சேர்ந்தவர்கள் மேரிலாண்டில் டிடிடி தெளித்து, மீனுக்கும் பறவைக்கும் என்ன ஆகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரை தரட்டுமா என்று கார்சன் பிரபல மாத இதழ் ஒன்றுக்கு எழுதினார். இதழ் ஆர்வம் காட்டவில்லை. அடுத்த 13 ஆண்டுகள் அவர் கடலுக்குத் திரும்பிவிட்டார்.

1958 ஜனவரியில் மாசசூசெட்ஸிலிருந்து தோழி ஒருவர் எழுதினார். கொசுவுக்காக விமானத்தில் மருந்து தெளித்த பிறகு தன் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததைச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லாங் ஐலண்ட் மக்கள், தங்கள் நிலத்தின் மீது விமானத்திலிருந்து டிடிடி தெளிக்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்திருந்தார்கள். கட்டுரைக்கென்று தகவல் திரட்ட ஆரம்பித்தவர், அது ஒரு புத்தகம் என்பதை உணர்ந்தார். எழுதி முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

மீன்வளத் துறையில் அவர் கற்றிருந்த ஒரு பழக்கம் இந்த நூலில் எங்கும் தெரிகிறது. தெளித்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதோடு அவர் நிற்பதில்லை. அங்கிருந்து தண்ணீர் எங்கே போனது என்று கேட்பார். நம்மைப் போன்ற வேளாண் விஞ்ஞானிகள் அன்று கேட்காத கேள்வி அது. பயிரில் பூச்சி செத்ததா, மகசூல் கூடியதா என்று பார்த்துவிட்டு வரப்போடு நின்றுவிட்டோம்.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரி அவர் எடுத்துக்காட்டியவற்றில் முதன்மையானது. ஏரியில் கொசு போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சி பெருகி, தூண்டில் போட வருவோரைத் தொந்தரவு செய்தது. டிடிடியைவிட மீனுக்குக் கேடு குறைவு என்று கருதப்பட்ட, அதன் உறவுக்கார ரசாயனமான ‘டிடிடீ’யைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்க் குழப்பம் வேண்டாம். இங்கே ‘ஏரி மருந்து’ என்றே வைத்துக்கொள்வோம். 1949-ல் 7 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு மருந்து. பூச்சி திரும்பி வந்ததால், 1954-ல் 5 கோடி பங்குக்கு 1 பங்கு. 1957-ல் மூன்றாவது முறை. கணக்கைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது.

ஆனால், 1954-ன் குளிர்காலத்தில் ஏரியில் மீன் பிடித்து வாழும் முக்குளிப்பான் பறவைகள் சாகத் தொடங்கின. நோய்க் கிருமி ஏதும் அகப்படவில்லை. பிறகு பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து லட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. தண்ணீரில் கலந்த அளவு பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். எண்பதாயிரம் மடங்கு! தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளில் அது சுமார் 5 பங்காகச் சேர்ந்திருந்தது. தாவரம் தின்னும் மீன்களில் 40 முதல் 300. அந்த மீன்களைத் தின்னும் மீன்களில் அதற்கும் மேல். ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டிய இடத்தில் 1960-ல் 30 ஜோடி அளவுக்குத்தான் மிஞ்சின.

இதில் ஒரு செய்தியை நான் திரும்பத் திரும்ப மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. தெளித்துச் சிறிது காலத்துக்குள் ஏரித் தண்ணீரைச் சோதித்தால் அதில் மருந்தின் சுவடே இல்லை. அந்த வகை ரசாயனங்கள் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே, தண்ணீரை விட்டு உயிர்களின் உடம்புக்குள்ளும் அடிச் சேற்றுக்குள்ளும் போய்விட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, சுத்தம் என்று சான்று வாங்கியிருக்கலாம். நீரின் தரம் என்பது பாட்டிலில் உள்ள தண்ணீரோடு முடிவதில்லை; சேற்றையும் மீனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஏரிதான் உலகத்துக்குக் காட்டியது.

கனடாவின் மிராமிச்சி ஆறு இன்னொரு பாடம். 1954 ஜூனில், ஊசியிலை மரங்களைத் தின்னும் மொட்டுப்புழுவை ஒழிக்க அந்த ஆற்றுப் படுகைக் காடுகளின் மீது விமானத்தில் ஏக்கருக்கு அரை பவுண்டு டிடிடி தெளித்தார்கள். ஓடைகளை விட்டு ஒதுங்கித் தெளிக்க யாரும் முயலவில்லை. சால்மன் குஞ்சுகள் செத்தன. மீனின் உணவான நீர்ப் பூச்சிகளும் செத்தன. அந்த வசந்தத்தில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூட ஆகஸ்டில் மிஞ்சவில்லை. அந்த ஆற்றில் பல ஆண்டுகளாகவே மீன்களைக் கணக்கெடுத்து வந்த ஆய்வாளர்கள் இருந்ததால்தான் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது. கணக்கெடுக்காத ஆறுகளில் என்ன போனதென்று யாருக்குத் தெரியும்?

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமானது அலபாமா பருத்திக்காட்டுக் கதை. 1950-ல் காய்க் கூன்வண்டின் தாக்குதல் கடுமையாக இருந்ததால் விவசாயிகள் டாக்சபீன் என்ற மருந்தை அள்ளித் தெளித்தார்கள். பிறகு கனமழை கொட்டியது. டென்னசி ஆற்றில் போய்ச் சேரும் ஓடைகளில் மீன்கள் செத்து மிதந்தன. யாரும் ஓடையில் மருந்தைக் கொட்டவில்லை. மழை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆலைக் கழிவு என்றால் குழாய் இருக்கும், குழாய்க்குச் சொந்தக்காரர் இருப்பார். வயலிலிருந்து வழிவதற்கு அப்படி ஒரு வாய் கிடையாது.

நிலத்தடி நீரைப் பற்றி அவர் எழுதியதற்கு டென்வர் நகருக்கு அருகில் இருந்த ராணுவ ரசாயனக் கிடங்கு ஆதாரம். 1943-ல் அங்கே போர்த் தேவைக்கான ரசாயன உற்பத்தி தொடங்கியது. பிறகு அதன் ஒரு பகுதியைத் தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்துப் பூச்சிக்கொல்லி செய்தது. கழிவுகளைத் திறந்த குட்டைகளில் விட்டார்கள். சில மைல்களுக்கு அப்பால் ஆழமில்லாத கிணறுகளிலிருந்து பாசனம் செய்த விவசாயிகளின் பயிர் மஞ்சளித்தது; முற்றாமல் நின்றது; கால்நடைகள் நோயுற்றன. குட்டைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அந்தக் கிணறுகளை எட்டச் சுமார் ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதைவிட வியப்பு, சில கிணறுகளில் 2,4-டி களைக்கொல்லியும் இருந்தது. அந்தக் கிடங்கில் அதை யாரும் தயாரிக்கவே இல்லை. குட்டையில் கலந்து கிடந்த கழிவுகள் காற்றும் வெயிலும் பட்டுத் தாமாகவே அதை உருவாக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். தனித்தனியாகச் சோதித்து அனுமதி தரும் மருந்துகள் தண்ணீரில் ஒன்றுசேரும்போது என்ன ஆகும் என்ற கார்சனின் கேள்விக்கு இன்றும் முழுமையான விடை இல்லை.

இதையெல்லாம் அவர் எழுதிய காலத்தில் அவர் உடம்பு எப்படி இருந்தது என்பது வெளியே தெரியாது. 1957-ல் அக்காவின் மகள் இறந்ததால், அவருடைய ஐந்து வயது மகன் ரோஜரைத் தத்தெடுத்திருந்தார். 1958 டிசம்பரில் தாய் போனார். 1960-ல் மார்பில் கட்டி கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அது புற்றுநோய் என்ற உண்மையை மருத்துவர் அவரிடம் சொல்லவில்லை. பரவிய பிறகுதான் வேறு மருத்துவரிடம் தெரிந்துகொண்டார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நடுவே மூட்டு வீக்கம், பிறகு கண்ணில் அழற்சி. சில வாரங்கள் எழுத்தைக்கூடப் படிக்க முடியாமல், உதவியாளர் படித்துக் காட்டத் திருத்தினார். தன் நோயை அவர் ரகசியமாகவே வைத்திருந்தார். தெரிந்தால், சொந்த நோயின் கசப்பில் எழுதியது என்று புத்தகத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம்.

1962 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராகவும், செப்டம்பர் 27 அன்று நூலாகவும் வெளிவந்தது. ரசாயன நிறுவனங்கள் கொதித்தன. ஒரு நிறுவனம் வெளியீட்டாளரை வழக்கு என்று மிரட்டியது. இன்னொன்று நூலைக் கேலி செய்து துண்டுப் பிரசுரம் போட்டது. மணமாகாத பெண் என்றும், முனைவர் பட்டம் இல்லாதவர் என்றும் ஏளனம் செய்தார்கள். அந்தப் பட்டத்தை வைத்திருக்கும் என் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூச வேண்டும். நூலின் இறுதியில் 50 பக்கங்களுக்கும் மேல் ஆதாரப் பட்டியல் இருந்தது. அவற்றில் பெரும்பகுதி அரசு ஆய்வாளர்களே அறிக்கைகளில் எழுதிவைத்து, யாரும் சேர்த்துப் படிக்காதவை.

எல்லா மருந்துகளையும் ஒழிக்கச் சொன்னார் என்பது அவர் மீது இன்றும் சுமத்தப்படும் பழி. அப்படி அவர் எழுதவில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொசுவும் பூச்சியும் எதிர்ப்பாற்றல் பெற்று, நோய்த் தடுப்புக்குக்கூட அந்த மருந்து உதவாமல் போகும் என்பதையும் அவர் சுட்டினார். இயற்கை எதிரிகளை வளர்த்துவிடுவது போன்ற மாற்று வழிகளுக்கு இறுதி அத்தியாயத்தை ஒதுக்கினார். நம் கரும்புத் தோட்டங்களில் இன்று கட்டும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை அந்த வழியைச் சேர்ந்ததுதான். என் பார்வையில், புற்றுநோய் பற்றிய அவருடைய அத்தியாயத்துக்கு அன்றிருந்த ஆய்வுகள் போதவில்லை. ஆறுகளையும் நிலத்தடி நீரையும் பற்றி எழுதியவை உறுதியாக நிற்கின்றன.

குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் தந்த அறிக்கை பெருமளவு அவர் பக்கமே நின்றது. ஜூனில் செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். அந்த ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 50 லட்சம் மீன்கள் செத்தன. காரணம் எண்ட்ரின் பூச்சிக்கொல்லி என்று ஆய்வில் தெரியவந்தது. 1964 ஏப்ரல் 14 அன்று கார்சன் காலமானார். வயது 56. அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியைத் தாயின் கல்லறைக்கு அருகில் புதைத்தார்கள். இன்னொரு பகுதியை, அவர் விரும்பியபடி, மெய்ன் மாநிலக் கடலோரத்தில் அவருடைய தோழி டோரத்தி ஃப்ரீமன் கரைத்தார்.

1970-ல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்தது. 1972-ல் விவசாயத்தில் டிடிடி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு தூய நீர்ச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் ஆலைக் குழாய்களைக் கட்டுப்படுத்தியது; வயலிலிருந்து மழையோடு வழியும் நீரை அதன் அனுமதி முறைக்குள் கொண்டுவரவில்லை. நம் நாட்டில் 1974-ல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் பிடியும் பெரும்பாலும் ஆலைகள் மீதும் நகரங்கள் மீதும்தான். இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி பயன்படுத்துவது 1989-ல் நின்றது; எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடுத்தது.

பழைய மருந்துகள் போய்விட்டனவே, இனி என்ன கவலை என்று களத்தில் விவசாயிகள் கேட்கிறார்கள். பழையவை கொழுப்பில் தங்கின. இன்றைய மருந்துகள் பலவும் அப்படித் தங்குவதில்லை. ஆனால், அவற்றில் சில தண்ணீரோடு எளிதாக நகரும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின் களைக்கொல்லியும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிடும் அப்படிப்பட்டவை. மணற்பாங்கான, மக்குப் பொருள் குறைந்த நிலத்தில் இவை வேகமாகக் கீழே இறங்கும். தொழுவுரம், பசுந்தாள் உரம் போட்ட மண்ணில் பிடிபட்டு, நுண்ணுயிர்களால் சிதைவதற்கு நேரம் கிடைக்கும்.

நெல்லில் களைக்கொல்லி இட்டால் இரண்டு மூன்று நாள் மடையை அடைத்து வையுங்கள். வடிய விட்டால் பணமும் போகும், வாய்க்காலும் கெடும். வானம் இருட்டிக்கொண்டு வரும்போது மருந்து அடிக்க வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல் வளரட்டும். வழிந்தோடும் வண்டலையும் அதோடு ஒட்டிய மருந்தையும் அது நிறுத்தும். காலி புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிடலாம். டேங்கைக் கழுவிய நீரையும் அதே வயலில் தெளித்துவிட வேண்டும். கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. மருந்து கலக்கும்போது மோட்டார் குழாயின் முனை டேங்குக்குள் முங்கிக் கிடந்தால், மின்சாரம் நின்ற நொடியில் குழாய் மருந்தைக் கிணற்றுக்குள்ளேயே திரும்ப இழுத்துவிடும். முனையை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பிடியுங்கள். வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு தோட்டத்தில் இருந்தால், அதன் வாயை இறுக மூடிவிடுங்கள்; அதற்குள் போகும் எதையும் வடிகட்ட நடுவில் மண் கிடையாது.